குட்டிச் சுடரும் பிளாஸ்க் டீயும்

எங்கள் தொழிலாளர் விடுதிச் சமையலறையில் அவருக்குப் பெயர் கடிகாரம். நேரில் எல்லோரும் அக்கா என்போம், முதுகுக்குப் பின்னால் கடிகாரம். காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தின் கதவு திறக்க வேண்டும் என்பது அங்கே விதி. பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கதவு ஒரு நாள்கூட ஏழு ஒன்றுக்குத் திறந்ததில்லை. தண்ணீர் வராத நாள், மின்சாரம் போன நாள், உதவிக்கு இருந்த இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரே கல்யாணத்துக்குப் போன நாள், எல்லா நாளும் ஏழு என்றால் ஏழுதான். ஷிப்டுக்கு ஓடுகிற நானூறு பேர் அவரைப் பார்த்துத்தான் தங்கள் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்று கேலி பேசுவோம். அந்தக் கேலி அவருக்கு உள்ளூரப் பிடிக்கும்.

என் பெயர் மூக்கு. இதை முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அதே விடுதியில் பராமரிப்புப் பிரிவின் மேற்பார்வையாளன் நான். சாக்கடை அடைத்தால் இரண்டாவது மாடியிலிருந்தே சொல்லிவிடுவேன். சுவருக்குள் ஒயர் சூடானால் எனக்குத்தான் முதலில் தெரியும். எதற்கெடுத்தாலும் "என்னமோ நாறுது" என்று முகத்தைச் சுளிக்கிற ஆள் என்று எனக்கு ஒரு கெட்ட பெயர். அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்கிறவன் என்பது அதைவிடக் கெட்ட பெயர். இரண்டும் உண்மை.

அக்காவுக்கு வாசனை தெரியாது. இதை நான் மிகவும் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை மறைத்து வைத்துச் சொல்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை, அதற்கு மனசும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன் பத்து நாள் படுக்கையில் தள்ளிய ஒரு காய்ச்சல். எழுந்தபோது காய்ச்சல் போயிருந்தது, கூடவே வாசனையும் போயிருந்தது. வரும் வரும் என்று ஒரு வருஷம் காத்திருந்தாராம். வரவில்லை.

வாசனை இல்லாமலே அந்த ஆறு வருஷமும் நானூறு பேருக்குச் சமைத்தார். எப்படி என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். வெங்காயம் வதங்கியதை நிறத்தில் பார்ப்பார். எண்ணெய் காய்ந்ததைச் சத்தத்தில் கேட்பார். ரொட்டி வெந்ததா என்று விரலால் தட்டிப் பார்ப்பார். உப்பு புளிப்பை நாக்கு சொல்லிவிடும். பால் கெட்டுவிட்டதா என்பது மட்டும்தான் பிடிபடாது. அதனால் எந்தப் பாலையும் முதலில் ஒரு கரண்டி தனியாகக் கொதிக்கவைத்துத் திரிகிறதா என்று பார்த்த பிறகே அண்டாவில் ஊற்றுவார். "அக்கா ரொம்ப சுத்தம் பாக்குறாங்க" என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவருடைய கணவர். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் துணி தைக்கிறவர். வீட்டில் மிச்சம் இருக்கும் சாப்பாட்டையெல்லாம் மோந்து பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு.

ஏன் மறைத்தார்? எங்கள் விடுதியில் கேஸ் அடுப்பில் வேலை செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பார்வை, செவி, வாசனை என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினால் அன்றோடு அடுப்பு வேலை இல்லை. முதலில் பள்ளியில் இருந்த மகள் கல்லூரியில் இரண்டாவது வருஷம் வந்திருந்தாள், கணவரின் வருமானத்தில் வாடகைதான் போகும். ஆறு முறை அந்தக் கட்டத்தில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். தப்புத்தான். அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

இனி அடுப்புக்கு வருகிறேன். எங்களுடையது பழைய காலத்து இரும்பு அடுப்பு. மேலே எட்டு வாய், கீழே இரண்டு ரொட்டி அடுப்பு, பக்கத்தில் ஒரு வெந்நீர்க் கொதிகலன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பைலட் உண்டு. இராப்பகலாக அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும் சுண்டுவிரல் நுனியளவு தீ. திருகைத் திருப்பினால் வரும் வாயுவை அது பிடித்துக்கொள்ளும், தீக்குச்சி வேண்டாம். நாங்கள் அதைக் குட்டிச் சுடர் என்போம். மொத்தம் பதினொன்று.

அக்கா விடியற்காலை வந்ததும் விளக்கைப் போடமாட்டார். இருட்டில் நின்று நீலப் புள்ளிகளை எண்ணுவார். குனிந்து கீழே இரண்டையும் பார்ப்பார். பதினொன்று இருந்தால் விளக்கைப் போட்டு வேலையைத் தொடங்குவார். பத்துதான் இருந்தால் விளக்குச் சுவிட்சைத் தொடாமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட ஆள் அனுப்புவார். மற்றவர்கள் மூக்கால் தெரிந்துகொள்வதை அவர் கண்ணால் தெரிந்துகொண்டார். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. அதைக் கெடுத்தவன் நான்.

நல்லது செய்வதாக நினைத்துத்தான் கெடுத்தேன். நானூறு பேர் சமையலுக்கு மாதம் நாற்பத்தெட்டு பெரிய சிலிண்டர் ஆகிறது, ஏன் இவ்வளவு என்று நிர்வாகி என்னைக் குடைந்துகொண்டே இருந்தார். இரண்டு நாள் விடுமுறை வந்து விடுதியே காலியானது. வெள்ளி மாலை ஐந்து மணிக்கு மற்ற சிலிண்டர்களையெல்லாம் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் இணைத்து, அதைக் கிடங்கிலிருந்த அரிசித் தராசில் தூக்கி வைத்தேன். எடையைச் சுவரில் கரியால் எழுதினேன். திங்கள் விடியற்காலை ஐந்துக்கு வந்து பார்த்தேன். அறுபது மணி நேரத்தில் ஒரு பொட்டு வெந்நீர்கூட யாரும் வைக்கவில்லை. ஆனால் ஒன்பதரைக் கிலோவுக்கு மேல் காணோம், பாதி சிலிண்டர். பதினொரு குட்டிச் சுடரும் ஆளில்லாத அறையில் சும்மா எரிந்தே அதைத் தின்று தீர்த்திருந்தன.

கணக்குப் போட்டால் மாதம் ஆறு சிலிண்டர், எட்டில் ஒரு பங்கு. சமைத்ததற்கு இல்லை, சமைக்கத் தயாராக நின்றதற்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ புதையலைக் கண்டுபிடித்த மாதிரி குறிப்பு எழுதினேன். மின்பொறியில் பற்றும் புது அடுப்பு வாங்குங்கள், திருகினால்தான் பொறி வரும், மற்ற நேரம் ஒரு துளி வாயு போகாது, தீ பிடிக்காவிட்டால் சில நொடியில் தானே அடைத்துக்கொள்ளும், போட்ட பணம் மூன்று வருஷத்தில் திரும்பிவிடும் என்று இரண்டு பக்கம்.

நிர்வாகி முதல் பக்கத்தை மட்டும் படித்தார். "ஆறு சிலிண்டர் வீணாகுதுன்னா, ராத்திரி அத அணைச்சுட்டுப் போங்க. காலைல பத்த வச்சுக்கோங்க. இதுக்கு எதுக்குய்யா புது அடுப்பு?" அவ்வளவுதான். மாலையில் பெரிய வால்வை மூடு, காலையில் திறந்து ஒவ்வொன்றாகப் பற்றவை என்று சுற்றறிக்கை வந்தது. செலவில்லாமல் பாதி மிச்சம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் என் குறிப்பு பாதியாவது பலித்ததே என்று உள்ளுக்குள் ஒரு அற்ப சந்தோஷமும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுற்றறிக்கை ஒட்டிய அன்று அக்கா என் அறைக்கு வந்தார். அவர் படியேறி வந்ததே அதுதான் முதல் தடவை.

"தம்பி, இத அணைக்காம இருக்க முடியாதா?"

"ஏங்க்கா? சும்மா எரியுற தீ மேல உங்களுக்கு என்ன அவ்வளவு பாசம்?"

"பாசம்னு இல்ல... எரிஞ்சுக்கிட்டு இருந்தா ஒரு தைரியம்."

"தைரியத்துக்கு மாசம் ஆறு சிலிண்டரா? நல்லா இருக்கே கதை!"

அவர் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார். பிறகு இறங்கிப் போய்விட்டார். எதிலெல்லாமோ மூக்கை நுழைக்கிறவன், அன்றைக்கு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து எனக்கு மரியாதை கூடியது. "மூக்குத் தம்பிய வரச் சொல்லு, டீ இருக்கு" என்று தினமும் விடியற்காலையில் ஆள் வரும். விடுதி வளாகத்திலேயே என் குடியிருப்பு. எழுந்து முகம் கழுவி நேரே சமையலறைக்குப் போவேன். மேலே எட்டுச் சுடரையும் கொதிகலனையும் அவர் ஏற்றி முடித்திருப்பார். ரொட்டி அடுப்பு இரண்டுக்கும் கீழே ஒரு தனி வால்வு. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதைத் திறப்பார், பிறகு பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றுவார். "இங்க நின்னு குடி தம்பி, அங்க காத்து" என்று அடுப்போரமாகவே நிறுத்திவிடுவார். நான் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்ததும் மண்டியிட்டு, ரொட்டி அடுப்பின் கதவைத் திறந்து, நீளக் குச்சியால் பற்றவைப்பார்.

அவ்வளவு அடுப்பு இருக்கிற இடத்தில் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் டீ எதற்கு என்று ஒரு நாளாவது எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. கூடப்பிறந்த தம்பி மாதிரி நினைக்கிறார் என்று உச்சி குளிர்ந்து போயிருந்தேன்.

ஒரே ஒரு நாள், பாதி டம்ளரில், "அக்கா, என்னமோ நாறுதே" என்றேன். நான் சொல்லி வாயை மூடுவதற்குள் வால்வை மூடிவிட்டார். ஜன்னலை எல்லாம் அகலத் திறந்தார். பார்த்தால் இடது ரொட்டி அடுப்பின் திருகு கால் சுற்று திறந்திருந்தது. மாலையில் திருகுகளைக் கழற்றித் துடைத்து மாட்டுகிற பெண், அடையாளக் கோடு தேய்ந்துபோனதைக் கொஞ்சம் தள்ளி மாட்டியிருந்தாள். குட்டிச் சுடர் எரிந்துகொண்டிருந்த நாட்களில் இந்தத் தப்பு அப்போதே குப்பென்று எரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். இப்போது வாயுவே இல்லாத குழாயில் யாருக்குத் தெரியும்? அக்கா எனக்கு இன்னொரு டம்ளர் டீ ஊற்றினார். அதில் பாதி என் காலில் கொட்டியது.

நான் என்ன செய்தேன்? புதுத் திருகுக்கு எழுதிப் போட்டேன். வரவில்லை. வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தேன். துடைக்கிற துணிக்கு அது ஒரு மாதம் தாங்கியது.

இதற்கிடையில் கடிகாரம் பிந்த ஆரம்பித்தது. பதினொன்றையும் பற்றவைத்து, எனக்காகக் காத்திருந்து, டீயும் கொடுத்து முடிப்பதற்குள் நேரம் ஓடிவிடும். ஏழு நாலுக்கு ஒரு நாள் கதவு திறந்தது. ஏழு ஒன்பதுக்கு ஒரு நாள். நானூறு பேரும் தட்டைத் தட்டினார்கள். நிர்வாகி வந்து எல்லோருக்கும் முன்னால், "வயசாயிடுச்சுன்னா சொல்லிடுங்க, வேற ஆளப் பாத்துக்கலாம்" என்றார். அக்கா முகம் சுண்டிப்போயிற்று. பத்தொன்பது வருஷத்தில் அவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதற்கு மறுநாள் எனக்குச் சளி. இரண்டு மூக்கும் அடைத்து, தலை கல்லாகக் கனத்தது. எழுந்திருக்கவே மனசில்லை. இரண்டு முறை ஆள் வந்து கூப்பிட்டபின், போர்வையைப் போர்த்திக்கொண்டு போனேன். ரொட்டி அடுப்பு ஆறு மணிக்குள் பற்றினால்தான் ஏழுக்கு ரொட்டி. நான் செருப்பைக் கழற்றியபோது சுவர்க் கடிகாரத்தில் ஆறு.

வால்வைத் திறந்தார். டீ ஊற்றினார். குடித்தேன். சூடு தவிர வேறு எதுவும் தெரியவில்லை. டம்ளரை வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "போயி மாத்திரை போட்டுப் படுக்குறேங்க்கா" என்று சொல்லித் திரும்பினேன். வாசல்படியில் கால் வைக்கும்போது பின்னால் ஒரு சத்தம். பெரிய வெடி இல்லை. கனமான கம்பளத்தை யாரோ ஓங்கி உதறிய மாதிரி. திரும்பினால் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, அவை யாருடைய கைகளோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் இல்லை. கத்தவே இல்லை. "ரொட்டி..." என்றார்.

கை இரண்டும் முழங்கைவரை வெந்திருந்தன. முகம் தப்பியது, கண் தப்பியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய கணவர், கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தவர், என்னைக் கேட்டார். "நீங்க கூட நின்னீங்களாமே? நீங்க நின்னா பயமில்லன்னு சொல்லுவாளே." அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். மூன்று மாதமாக நான் குடித்தது பாசத்துக்கு ஊற்றிய டீ இல்லை. என் மூக்குக்குக் கொடுத்த கூலி.

ஒரு வாரம் கழித்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை போட்டு விசாரித்தார்கள். மூன்று அதிகாரிகள். அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து உட்காரவைத்தார்கள். முதலில் என்னைத்தான் கேட்டார்கள்.

"பராமரிப்புப் பொறுப்பு உங்களோடது. பக்கத்துலயே நின்னுருக்கீங்க. வாசன வரலையா?"

சளி என்று சொல்வதற்கு எத்தனை நேரம் ஆகும்? சொன்னால், அன்றைக்கும் தள்ளி மாட்டியிருந்த அந்தத் தேய்ந்த திருகைப் பற்றிக் கேட்பார்கள், பெயின்ட் கோட்டைப் பற்றிக் கேட்பார்கள். என் வேலை, குடியிருப்பு, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள், எல்லாம் கண்முன் வந்தது. வாய் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு என் மூக்கு மட்டும் அருமையாக வேலை செய்தது. அக்காவின் கைக்கட்டிலிருந்து வந்த மருந்து நெடி மேஜையைத் தாண்டி வந்து என்னைத் தாக்கிக்கொண்டிருந்தது.

"அவரக் கேக்காதீங்க" என்றார் அக்கா. "அவரு டீ குடிக்க வந்தவரு. பத்த வச்சது நானு. எனக்கு ஆறு வருசமா வாசன தெரியாது. பாரத்துல பொய் எழுதிக் குடுத்தேன்."

மூவரும் நிமிர்ந்தார்கள். பிறகு மளமளவென்று எழுதினார்கள். காரணம் கிடைத்துவிட்டது. சுற்றறிக்கை தப்பித்தது, திருகு தப்பித்தது, நானும் தப்பித்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்திருக்கலாம் என்று பிற்பாடு எத்தனையோ முறை நினைத்தேன். அன்றைக்கு நினைத்தது, அப்பாடா என்பதுதான்.

அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். நான்கு மாதத்தில் புது அடுப்பு வந்தது. என் குறிப்பின் இரண்டாவது பக்கத்தை யாரோ தூசி தட்டிப் படித்துவிட்டார்கள். திருகினால் டிக் டிக் என்று பொறி, உடனே தீ. தீ இல்லையென்றால் வாயு தானே நின்றுவிடும். மோந்து பார்க்க யாரும் வேண்டாம். மாதம் நாற்பத்திரண்டு சிலிண்டர். நிர்வாகிக்கு மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. இந்த அடுப்புக்கு மூக்கு தேவையில்லை, அக்காவைத் திரும்ப எடுங்கள் என்று மூன்று முறை எழுதினேன். படிவத்தில் மூன்றாவது கட்டம் இருக்கிறதே என்று மூன்று முறை பதில் வந்தது.

போன வாரம் மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். அதற்கு முன் நான்கைந்து முறை தெருமுனைவரை போய்த் திரும்பியிருக்கிறேன். முன்னறையில் கணவர் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தார். அக்கா கீழே உட்கார்ந்து, தைத்த துணிகளில் நூல் பிசிறுகளை எடுத்துக்கொண்டிருந்தார். விரல்கள் முழுதாக மடங்கவில்லை. ஒரு பிசிறுக்கு இரண்டு மூன்று முறை முயன்றார். மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு கடையில் வேலைக்குப் போகிறாளாம். அதை அவர் சொன்ன விதத்தில் என்னைக் குத்துகிற நோக்கம் எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"வாங்க தம்பி. ஏழுக்குத் தெறக்குதா கதவு?"

"எங்கக்கா... ஏழு பத்து, ஏழே கால். அடுப்பு மட்டும் புதுசு."

கொஞ்சம் சிரித்தார். கணவர் எழுந்து போய் டீ போட்டு வந்து வைத்துவிட்டு மறுபடி மிஷினில் உட்கார்ந்தார். டம்ளரை எடுக்க எனக்குக் கை வரவில்லை. உள்ளே இத்தனை நாள் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு எனக்குச் சளி. மூக்கு அடச்சிருந்துச்சு. ஒண்ணுமே தெரியல. வெசாரணைல நான் அதச் சொல்லல."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீ மூக்க உறிஞ்சி உறிஞ்சித்தான் டீ குடிச்ச. எனக்கு மூக்குதான இல்ல, காது நல்லாத்தான் கேக்கும்."

அவர் துணியைத் திருப்பி அடுத்த பிசிறைத் தேடினார்.

"அப்புறம் ஏங்க்கா பத்த வச்சீங்க?"

"மணி ஆறு அஞ்சு ஆயிடுச்சேப்பா" என்றார்.

தையல் மிஷின் நின்றுவிட்டது. கணவரும் அதை இப்போதுதான் கேட்கிறார் போலிருக்கிறது.